அடுத்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம்: காத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

2023 ஜூனில் 'ரைஸ் ஆஃப் த பீஸ்ட்ஸ்' பார்த்துவிட்டு வெளியே வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள்தான் வந்துகொண்டிருக்கின்றன. பொம்மை சேகரிக்கும் நண்பர்கள், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், அக்கா மகன், எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பழைய படங்களின் முடிவுகளை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கார் ரோபோவா மாறும்ங்கிறது மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல என்ன இருக்கு இதுல?

சைபர்ட்ரான் என்ற உலோகக் கிரகம். அங்கே உயிருள்ள ரோபோக்கள். உள்நாட்டுப் போர் மூண்டு இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்: ஆப்டிமஸ் ப்ரைம் தலைமையில் ஆட்டோபாட்கள், மெகாட்ரான் தலைமையில் டிசெப்டிகான்கள். போர் பூமிக்கு வருகிறது, இங்கே ஒளிந்து வாழ வேண்டியிருப்பதால் லாரி, கார், விமானம் என்று உருமாறிக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

ஆனால் இதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால்தான் ரசிகர்கள் ஏன் இப்படி உயிரை விடுகிறார்கள் என்பது புரியும். ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோமேன் என்ற வரிசைகளில் உருமாறும் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்தது. டயாக்ளோனில் ரோபோ வெறும் இயந்திரம், உள்ளே உட்கார்ந்து ஓட்ட ஒரு குட்டி மனிதன் உண்டு. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அந்தப் பொம்மைகளை வாங்கி 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் இறக்கியது. மார்வெல் காமிக்ஸிடம் கதை கேட்டது. அங்கே டென்னி ஓ'நீல் ஆப்டிமஸ் ப்ரைம் என்ற பெயரை வைத்தார், பாப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதினார். ஓட்டுபவன் போய்விட்டான், ரோபோவுக்கே மனசு வந்துவிட்டது. நாங்கள் நாற்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மனசைத்தான்.

சரி, அடுத்த பாகம் வருமா வராதா? நேரா சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன். 2024 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த சினிமாகான் நிகழ்ச்சியில் பாரமவுண்ட் நிறுவனம் டிரான்ஸ்ஃபார்மர்ஸும், ஹாஸ்ப்ரோவின் இன்னொரு பொம்மை வரிசையான ஜி.ஐ. ஜோவும் சேரும் படம் தயாராகிறது என்று மேடையிலேயே அறிவித்தது. 'பீஸ்ட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சி கைகாட்டிய திசையும் அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் நடந்தது. தன் பொம்மைகளை வைத்து எடுக்கும் படங்களில் இனி தானும் பணம் போடப்போவதில்லை என்று 2024 இறுதியில் ஹாஸ்ப்ரோ சொன்னது. 2025 ஆகஸ்டில் பாரமவுண்டும் ஸ்கைடான்ஸும் ஒன்றாக இணைந்தன. ஸ்கைடான்ஸ் 'பீஸ்ட்ஸ்' படத்தின் தயாரிப்பில் இருந்த நிறுவனம், அதனால் அவர்களுக்கு இது அந்நிய வீடு கிடையாது. ஆனால் வீட்டுக்குப் பெரியவர் மாறும்போது ஏற்கெனவே அறிவித்த படங்களையும் திரும்ப ஒருமுறை எடை போடுவார்கள். தாமதத்துக்கு இது போதுமான காரணம்.

இதுவரைக்கும் எத்தனை படம்? எல்லாத்தையும் பார்த்துட்டுதான் வரணுமா?

வேண்டாம். மனிதர்கள் நடித்த படங்கள் ஏழு: மைக்கேல் பே இயக்கிய ஐந்து (2007, 2009, 2011, 2014, 2017), டிராவிஸ் நைட்டின் 'பம்பிள்பீ' (2018), ஸ்டீவன் கேப்பிள் ஜூனியரின் 'ரைஸ் ஆஃப் த பீஸ்ட்ஸ்' (2023). இது தவிர 1986-ல் ஒரு கார்ட்டூன் படம், 2024-ல் முழுக்க அனிமேஷனில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்'.

அடுத்த படத்துக்குத் தயாராக 'பம்பிள்பீ', 'பீஸ்ட்ஸ்' இரண்டும் போதும், அதே வரிசையில். நேரம் இருந்தால் 2007 படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கதைக்காக இல்லாவிட்டாலும் முதல் தடவை ஒரு ஹெலிகாப்டர் எழுந்து நிற்கும் அந்த ராணுவத் தளக் காட்சிக்காகவாவது.

பம்பிள்பீங்கிற அந்த மஞ்சள் ஆட்டோபாட் 1987-லயே ஆப்டிமஸைப் பார்த்துட்டார். அப்புறம் 2007 படத்துல ஆப்டிமஸ் அப்பதானே பூமிக்கே வர்றார்? எனக்கு மட்டும்தான் குழப்பமா?

உங்களுக்கு மட்டும் இல்லை. 2017-ல் வந்த 'த லாஸ்ட் நைட்' படத்தில் பம்பிள்பீ இரண்டாம் உலகப் போரிலேயே சண்டை போட்டதாகக் காட்டினார்கள். 2018 படத்தில் அவர் பூமியில் வந்து விழுவதே 1987-ல். அதே 'லாஸ்ட் நைட்' பூமிக்கு அடியில் தூங்குவது யூனிக்ரான் என்ற ராட்சத ரோபோ என்றது. 'பீஸ்ட்ஸ்' படத்திலோ யூனிக்ரான் தனிக் கிரகமாக வானத்தில் மிதந்து வந்து மற்ற கிரகங்களை விழுங்குகிறது.

இரண்டையும் ஒட்டவைக்கப் பலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், நானும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன், ஒட்டாது. 2018-லிருந்து தொடங்குவது புதுக் கதை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் சரியாக வருகிறது. 'பீஸ்ட்ஸ்' நடப்பது 1994-ல், பம்பிள்பீ வந்து ஏழு வருஷம் கழித்து.

ஆப்டிமஸ் ப்ரைம், ஆப்டிமஸ் ப்ரைமல் ரெண்டும் ஒரே ஆளா மாமா?

இது அக்கா மகன் கேட்டது, பெரியவர்களும் கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ப்ரைம் லாரி, ப்ரைமல் கொரில்லா. 1996-ல் 'பீஸ்ட் வார்ஸ்' என்ற கணினி அனிமேஷன் தொடர் வந்தது, அதில் ரோபோக்கள் விலங்குகளாக மாறும், ப்ரைமல் அங்கிருந்து வந்தவர். 2023 படத்தில் தனக்கு ப்ரைமின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று அவரே சொல்வார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மாதிரி.

'பீஸ்ட்ஸ்' கடைசியில ஹீரோ நோவாகிட்ட ஒரு கார்டு கொடுக்கிறாங்களே, அதுக்கு ஏன் தியேட்டர்ல அப்படிக் கத்தினாங்க?

அந்த விசிட்டிங் கார்டில் இருந்த பெயர் ஜி.ஐ. ஜோ. அதுவும் ஹாஸ்ப்ரோவின் பொம்மைதான், 1964-ல் பெரிய உருவப் போர்வீரனாக வந்து, 1982-ல் உள்ளங்கை அளவுக்குச் சிறிதாகி மார்வெல் காமிக்ஸோடு மறுபடி வந்தது. கோப்ரா என்ற பயங்கரவாதக் கூட்டத்தை எதிர்க்கும் சிறப்புப் படை. எண்பதுகளில் வளர்ந்த அமெரிக்கக் குழந்தைகளுக்கு இரண்டும் ஒரே அலமாரியில் இருந்த பொம்மைகள், மார்வெல் அப்போதே இரண்டையும் சேர்த்துக் காமிக்ஸ் போட்டது. திரையில் மட்டும்தான் சேரவில்லை.

எனக்கு இதில் ஆசையும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. மனிதப் படை பெரிதானால் ரோபோக்களுக்கு நேரம் குறையும். மைக்கேல் பேயின் படங்களில் நடந்தது அதுதான், ராணுவம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்டோபாட் பாதிப்பேருக்குப் பெயர்கூடத் தெரியாமல் படம் முடிந்துவிடும். 'பீஸ்ட்ஸ்' படத்தில் நோவாவுக்கும் மிராஜுக்கும் இடையில் வந்த நட்பு, திருட வந்த காரோடு சிநேகமாகிறானே அந்தப் பையன், அந்த மாதிரி ஒரு ஜோடி அமைந்தால் ஜி.ஐ. ஜோ வந்தாலும் கவலையில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துபோனவர்கள் உண்டு: அதற்குப் பிறகு, நோவா மிராஜைப் பழுதுபார்த்து எழுப்பிவிட்டதைக் காட்டும் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது.

2007-ல ஆப்டிமஸ் லாரிக்கு நெருப்பு டிசைன் போட்டதுக்கு ஏன் இன்னும் சண்டை போடுறீங்க? லாரிதானே?

லாரிதான். ஆனால் 1984 ஆப்டிமஸ் முன்மூக்கு இல்லாத, முகம் தட்டையான லாரி. 2007-ல் வந்தது நீண்ட மூக்குள்ள பீட்டர்பில்ட் 379, நீல உடம்பில் சிவப்பு நெருப்பு. பம்பிள்பீ மஞ்சள் பீட்டில் காராக இருந்தவர், கமாரோவானார். படம் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

இதைப் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஒரு சின்ன ஆப்டிமஸ் பொம்மை இருக்கிறது. போன விடுமுறையில் அக்கா மகன் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். லாரியின் பின்பக்கத்தை இழுத்து நீட்டினால் கால். 'டக்' என்று ஒரு பூட்டு விழும். பக்கவாட்டை விரித்தால் கை, உள்ளே மடித்திருந்த விரல்களைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி வெளியே எடுக்க வேண்டும். கடைசியில் தலையைத் தூக்கிவிட்டான். அப்புறம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, லாரியோட முன்கண்ணாடிதான் இவரோட நெஞ்சு" என்றான். அவனே கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம். தட்டை முகம் இருந்தால்தான் அந்தக் கண்ணாடி நேராக நெஞ்சாகும், எது எங்கே போனது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் கேட்பது அதைத்தான். 'பம்பிள்பீ'யிலும் 'பீஸ்ட்ஸ்' படத்திலும் தட்டை முக லாரி திரும்ப வந்தது, 'பம்பிள்பீ'யில் பீட்டிலும் வந்தது. அடுத்த படம் அதிலிருந்து நகரக் கூடாது.

அப்போ 28 அடி ரோபோ ஒரு லாரிக்குள்ள எப்படி அடங்கும்? லாஜிக்கே இல்லையே.

2007 படக்குழு இந்தக் கேள்வியை உங்களைவிடச் சீரியஸாக எடுத்துக்கொண்டது. நீண்ட மூக்கு லாரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான்: 28 அடி உயர ரோபோவுக்கு வேண்டிய இரும்பு லாரியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். பழைய கார்ட்டூனில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மெகாட்ரான் அவ்வளவு பெரிய உருவம், மாறினால் இன்னொரு ரோபோ கையில் பிடிக்கும் துப்பாக்கி. அவருடைய கூட்டாளி சவுண்ட்வேவ் மாறினால் கேசட் பிளேயர். அதனால்தான் பேயின் முதல் படத்தில் மெகாட்ரான் துப்பாக்கியாக வரவில்லை, வேற்றுக்கிரக விமானமாக வந்தார்.

இந்தக் காரணம் நியாயமானது என்று ஒத்துக்கொள்கிறேன், முந்தைய பதிலில் சண்டை போட்டவன்தான் இதையும் சொல்கிறேன். ஆனாலும் நூறு கிலோ குறைகிறதா கூடுகிறதா என்று தியேட்டரில் யாரும் தராசு வைத்துப் பார்ப்பதில்லை. முன்கண்ணாடி எங்கே போனது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பே படங்கள்ல உருமாறும்போது ஒண்ணுமே புரியலை, இரும்புக் கடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கு. அது ஏன்?

பாகங்களின் எண்ணிக்கை. 2007-ல் ஐ.எல்.எம். என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆப்டிமஸுக்கு 10,108 தனித்தனிப் பாகங்கள். ஒரே ஒரு ஃபிரேமைக் கணினி தீட்டி முடிக்க 38 மணி நேரம் வரை ஆனது, திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம் வேண்டும். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, 2007, 2011 படங்கள் இரண்டும் கிராஃபிக்ஸுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. ஆனால் பத்தாயிரம் பாகம் ஒரே நேரத்தில் சுழலும்போது கேமராவும் சேர்ந்து சுழன்றால் கண் எதைப் பிடிக்கும்? இரண்டு ரோபோ கட்டிப் புரண்டால் யாருடைய கை என்றே தெரியாது.

2011-ல் 'டார்க் ஆஃப் த மூன்' 3டியில் எடுத்தபோது காட்சிகளை நீளமாக விட வேண்டியிருந்தது, சிகாகோ சண்டை அதனாலேயே தெளிவாக இருக்கும், பேயின் ஐந்தில் சண்டைக்காக நான் திரும்பப் போட்டுப் பார்ப்பது அதைத்தான். டிராவிஸ் நைட் 2018-ல் வடிவத்தையே எளிமையாக்கினார். அந்தப் படத்தின் முதல் சில நிமிடம், சைபர்ட்ரான் போர்க்களம், ஒவ்வொருவரையும் நிறத்தை வைத்தே அடையாளம் சொல்லலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்ன சொன்னாலும் இது பொம்மை விக்கிற விளம்பரம்தானே சார்?

விளம்பரமாகத்தான் பிறந்தது. 1984 வாக்கில் அமெரிக்காவில் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன, பொம்மையை மையமாக வைத்தே ஒரு தொடர் ஓட்ட முடிந்தது. 1986 படத்தில் ஆப்டிமஸ் ப்ரைமைக் கொன்றதுகூடப் பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றை விற்கத்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். தியேட்டரில் குழந்தைகள் அழுதார்கள். பெற்றோர்கள் கோபப்பட்டார்கள். அப்போது தயாராகிக்கொண்டிருந்த ஜி.ஐ. ஜோ கார்ட்டூன் படத்தில் அதன் நாயகன் டியூக் சாவதாக இருந்ததை மாற்றி, மயக்கத்தில் இருக்கிறார் என்று ஆக்கினார்கள். 1987-ல் ஆப்டிமஸைத் தொடரில் திரும்ப உயிரோடு கொண்டுவந்தார்கள். விற்றவர்கள் பொம்மை என்று நினைத்தார்கள், வாங்கிய பிள்ளைகள் அவரைப் பெரியப்பா மாதிரி நினைத்துவிட்டார்கள். விளம்பரத்துக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள்.

ஆப்டிமஸ் நல்லவர்ங்கிறீங்க. பே படத்துல முகத்தையே பிய்க்கிறாரே?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும், ஏனென்றால் நியாயமான கேள்வி. 'ஏஜ் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்' படத்தில் அவர் ஒரு மனிதனையே கொல்கிறார். துரோகத்தால் மனம் உடைந்தவர் என்று காரணம் சொல்லியிருந்தாலும் எனக்கு அது ஆப்டிமஸ் இல்லை. 'பீஸ்ட்ஸ்' படத்தில் கோபக்காரராக, மனிதர்களை நம்பாதவராகத் தொடங்கி, மெதுவாக மாறுகிறார், அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது, மாறுவதற்குக் கதையில் இடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த படத்தில் மாறி முடித்த ஆப்டிமஸைக் காட்ட வேண்டும். பலசாலி, ஆனால் அடிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குபவர்.

குரல் அதே ஆள்தானா? 'ஒன்' படத்துல வேற குரல் கேட்டுச்சே.

மனிதர்கள் நடித்த ஏழு படங்களிலும் ஆப்டிமஸின் குரல் பீட்டர் கலன்தான், 1984 கார்ட்டூனில் பேசிய அதே மனிதர், 1941-ல் பிறந்தவர். வியட்நாம் போரில் இருந்துவிட்டு வந்த, லாரி என்ற பெயருள்ள தன் அண்ணன் பேசும் விதத்தை மனதில் வைத்துத்தான் அந்தக் குரலைப் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். கத்தாத, தாழ்ந்த குரல். 'ஒன்' படம் ஆப்டிமஸ் தலைவராவதற்கு முன், ஓரியன் பாக்ஸ் என்ற சாதாரணத் தொழிலாளியாக இருந்த காலம், அதனால் இளமையான குரல் வேண்டி கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் பேசினார். கலனுக்கு இந்த வயதில் இன்னொரு படம் வாய்க்க வேண்டும் என்பதும் தாமதம் எனக்குக் கசப்பதற்கு ஒரு காரணம்.

'ஒன்' நல்லா இருந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஓடலையே? அதனால அடுத்த படம் நின்னுடுமா?

படம் அருமை. ஆப்டிமஸும் மெகாட்ரானும் நண்பர்களாக இருந்து பிரிவதை இவ்வளவு நன்றாக வேறு எந்தப் படமும் சொல்லவில்லை. சுமார் 7.5 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க சுமார் 13 கோடிதான் வசூல், தியேட்டர் பங்கு போனால் மிச்சமில்லை. முதல் டிரெய்லர் அதைச் சிறுபிள்ளைகளின் சிரிப்புப் படம் மாதிரி காட்டியது, பெரியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

மொத்த வசூல் இறங்கிக்கொண்டே வந்திருப்பதும் உண்மை. 2011, 2014 படங்கள் தலா 110 கோடி டாலரைத் தொட்டவை. 2017-ல் 60 கோடி, 2018-ல் 46 கோடிக்கு மேல், 2023-ல் 44 கோடி அளவு. இதை வைத்து நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். சிறிய செலவில் எடுத்த 'பம்பிள்பீ' நல்ல பெயர் வாங்கியது. 20 கோடிக்கு எடுக்காமல் அதில் பாதியில் எடுத்தாலும் எனக்குச் சம்மதம், உலகம் அழியும் சண்டை ஒன்று குறையும், அவ்வளவுதானே.

இவ்வளவு லேட் பண்றாங்களே, ரசிகர்கள் மறந்துட மாட்டாங்களா?

அவசரப்பட்டதன் பலனை 2009-ல் பார்த்துவிட்டோம். முதல் படம் ஓடிய வேகத்தில் 'ரிவெஞ்ச் ஆஃப் த ஃபாலன்' 2009 ஜூனுக்கு என்று முடிவானது. 2007 நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 2008 பிப்ரவரி வரை நடந்தது. திரைக்கதை எழுத வேண்டிய மாதங்கள் போய்விட்டன, தேதி மட்டும் நகரவில்லை. எகிப்து பிரமிடு வரை போய் எடுத்தார்கள், 83 கோடி டாலர் வந்தது, ஆனால் கதை எங்கே போகிறது என்றே தெரியாது, இரட்டை ரோபோக்களைக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் விதமாக வடித்திருந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது, அந்த வருஷத்தின் மோசமான படத்துக்கான ராஸ்ஸி விருதும் வந்தது. நான் இரண்டு வருஷம் நாள் எண்ணிக் காத்திருந்த படம் அது. தாமதம் நல்லது என்று அதன் பிறகுதான் சொல்லத் தொடங்கினேன்.

யூடியூப்ல டிரெய்லரே வந்துடுச்சே அண்ணா, நீங்க பார்க்கலையா?

தினமும் யாராவது அனுப்புகிறார்கள். பாரமவுண்டின் சொந்தச் சேனலில் வராதது டிரெய்லர் இல்லை. சோதிக்க எளிய வழி: ஆப்டிமஸ் லாரியைப் பாருங்கள். நெருப்பு டிசைனோடு நீண்ட மூக்கு லாரி ஒரு காட்சியிலும், தட்டை முக லாரி அடுத்த காட்சியிலும் வந்தால் பழைய படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் குடும்பக் குழுவில் அனுப்பாதீர்கள், பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

தமிழ்ல வருமா?

'பீஸ்ட்ஸ்' இந்தியாவில் ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கிலும் தியேட்டருக்கு வந்தது, அடுத்ததும் அப்படி வரும் என்றே எதிர்பார்க்கிறேன். பிள்ளைகளோடு போனால் தமிழிலேயே பாருங்கள், கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் உருமாறும் காட்சி போய்விடும். பெரியவர்கள் ஒருமுறையாவது ஆங்கிலத்தில் பாருங்கள், மேலே சொன்ன பீட்டர் கலன் குரலுக்காக.

நீங்க முதல் நாளே போவீங்களா, இல்ல விமர்சனம் பார்த்துட்டுதானா?

முதல் நாள்தான். ஒலி நன்றாக இருக்கும் தியேட்டராகத் தேடிப் போவேன். 1984 கார்ட்டூனில் உருமாறும்போது ஒரு சத்தம் வரும், இரும்பு சறுக்கிக்கொண்டே இறங்கி, நடுவில் ஐந்தாறு தரம் திக்கி, கடைசியில் பூட்டு விழுகிற மாதிரி. படங்களில் அது அங்கங்கே ஒளிந்து வரும், கூட்டத்தில் தெரிந்தவர்கள் மட்டும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அக்கா மகனுக்கு அந்தச் சத்தம் வாயாலேயே வரும், பொம்மையை மாற்றும்போதெல்லாம் செய்கிறான். அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது.